தோட்டத்துல ஒரு கக்கூஸ்

போன மாசம் மோட்டார் ரூமுக்குப் பின்னாடி ஒரு கக்கூஸ் கட்டி முடிச்சேன். ஆறடிக்கு நாலடி. குழி தோண்டி உறை இறக்கினது, பீங்கான், இரும்புக் கதவு, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆச்சு. தோட்டத்துல கக்கூஸ் கட்டினதையெல்லாம் எழுதணுமான்னு கேப்பீங்க. எழுதணும்னுதான் தோணுது. ஏன்னா இதை நான் இருபது வருஷம் முன்னாடியே கட்டியிருக்கணும். கட்டாததுனால என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

எங்க நிலம் பாகலூர்ப் பக்கம்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு ஏக்கர் பட்டன் ரோஸ், அரை ஏக்கர் சாமந்தி, மீதியில தக்காளியும் ராகியும். ராகிக்குள்ள ஊடுபயிரா அவரை. பூ தினமும் பறிச்சாகணும். விடியக்காலை அஞ்சரைக்கெல்லாம் ஏழெட்டுப் பெண்கள் தலையில டார்ச் கட்டிக்கிட்டு இறங்குவாங்க. பறிச்ச பூ ஓசூர் மார்க்கெட்டுக்கோ, எல்லை தாண்டி பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கோ வண்டியேறும். அங்க இருந்து மாலையாகி எந்தக் கோயிலுக்குப் போகுதோ, எந்த அரசியல்வாதி கழுத்துக்குப் போகுதோ, எனக்குத் தெரியாது.

தெரியாட்டியும், சாமிக்குப் போற பூன்னு அப்பா காலத்துல ஒரு சட்டம் இருந்துச்சு. தூரமா இருக்கிறவங்க பூந்தோட்டத்துக்குள்ள வரக்கூடாது. வந்தா செடி கருகும், மொட்டு உதிரும்னு அப்பா நம்பினார். தக்காளிக் காட்டுல களை எடுக்கலாம், மாட்டுக் கொட்டாயில சாணி அள்ளலாம், அதுக்கெல்லாம் தீட்டு இல்ல. பூவுக்கு மட்டும்தான். அப்பா போன பிறகு நானும் அந்தச் சட்டத்தை மாத்தல. நம்பினேனான்னு கேட்டா, நம்பினேன்னும் சொல்ல முடியாது, நம்பலன்னும் சொல்ல முடியாது. அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு பொண்ணு மூணு நாள் வரலன்னா ஏன்னு கேக்க மாட்டேன். அந்த மூணு நாள் கூலியும் கிடையாது. ஏக்கர் கணக்கா தக்காளி போட்ட மாசம்னா பரவாயில்ல, அங்க வேலை இருக்கும். இல்லாத மாசத்துல வீட்டுல உக்காரணும்.

எங்க ஊர்ல இதுக்கு மூணு பாஷையிலயும் பேர் இருக்குது. ஓசூர்ப் பக்கம் சில வீட்டுல தெலுங்கு, சில வீட்டுல கன்னடம், சில வீட்டுல தமிழ். ஒரே தெருவுல மூணும் கலந்து பேசுவோம். கன்னடத்துலயும் தெலுங்குலயும் இதை 'முட்டு'ன்னு சொல்லுவாங்க. அதே வார்த்தைக்குத் தொடுறதுன்னும் அர்த்தம். தமிழ்ல 'வீட்டுக்குத் தூரம்'. ஒரு பாஷை தொடுறதைச் சொல்லுது, இன்னொன்னு தள்ளி நிக்கிறதைச் சொல்லுது. ஆனா எந்த வார்த்தையா இருந்தாலும் ஆம்பளை வந்தா பேச்சு நின்னுடும். நான் வரப்புல ஏறினாலே பெண்கள் தக்காளி விலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க.

பூ பறிக்கிற கூட்டத்துக்குத் தலைமை ஒரு அக்கா. அறுபது வயசு இருக்கும். அப்பா காலத்துல இருந்து எங்ககிட்ட வேலை. என்னை இன்னும் 'தம்பி'ன்னுதான் கூப்பிடும். பேரைப் போட வேண்டாம்னு சொல்லிடுச்சு, அதனால மேஸ்திரியக்கான்னு வெச்சுக்குவோம். யார் வரணும், யார் எந்தச் சாலு எடுக்கணும் எல்லாம் அந்த அக்கா கணக்கு.

போன வருஷம் மாசி மாசம். காலைல எட்டு மணி இருக்கும். நான் சொட்டுநீர் ஃபில்டரைக் கழுவிக்கிட்டு இருக்கேன், ரோஜாப் பக்கம் இருந்து சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா ஒரு பொண்ணு சாலுக்குள்ள விழுந்து கிடக்குது. முப்பத்தெட்டு வயசு, ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. முள்ளு கிழிச்சு கையெல்லாம் ரத்தம். தூக்கப் போனேன். மேஸ்திரியக்கா குறுக்க கையை நீட்டி, "நீ தொடாத தம்பி, தள்ளி நில்லு, வண்டியை எடுத்துட்டு வா"ன்னு சொல்லுச்சு. ஏன்னு எனக்கு அப்ப புரியல. அவங்களே நாலு பேர் சேர்ந்து சேலையைச் சுத்தித் தூக்கி வண்டியில உக்கார வெச்சாங்க. சீட்டுல கரை பட்டப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் ஏழு. பெண்களுக்குப் பன்னெண்டாவது இருக்கணும், எட்டுக்குக் கீழ போனாலே கடுமையான ரத்தசோகைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உள்ள என் மனைவியை மட்டும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷமா மாசத்துல பத்து நாள், பன்னெண்டு நாள் போகுதாம். கட்டி கட்டியாப் போகுதாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை துணி மாத்த வேண்டியிருக்குதாம். யார்கிட்டயும் சொல்லல. வயசானா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சிருக்குது.

இப்ப என் சட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்துல வையுங்க. மூணு நாள்னா எப்படியோ சமாளிக்கலாம். பன்னெண்டு நாள் வீட்டுல உக்காந்தா அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்? அதனால மூணு நாள் மட்டும் கணக்குக் காட்டி லீவு போட்டுட்டு, மீதி நாள் மறைச்சுக்கிட்டு வந்து பூ பறிச்சிருக்குது. வெளிய சொன்னா தோட்டத்துல சேர்க்க மாட்டேன்னு பயம். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு பயம். காலைல வீட்டுல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காது. குடிச்சா ஒதுங்க இடம் வேணுமே.

வெளிய வந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க யாரு?"ன்னாங்க.

"தோட்டத்துக்காரங்க."

"தோட்டத்துல கக்கூஸ் இருக்குதா?"

வாயைத் திறக்க முடியல எனக்கு. என் தோட்டத்துல சொட்டுநீர் இருக்குது. மோட்டார் ரூம் இருக்குது. பறிச்ச பூ வாடாம இருக்கப் பச்சை வலை போட்டு ஒரு நிழல் கொட்டாய் இருக்குது. அதுக்குக் கீழ ஈரச் சாக்கு விரிச்சு, மணிக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சு வெப்போம். பூவுக்கு இவ்வளவும் இருக்குது.

ஸ்கேன்ல கர்ப்பப்பையில கட்டின்னு தெரிஞ்சுது. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியா ஏத்தி, அப்புறம் ஆபரேஷன். எல்லாம் அரசு ஆஸ்பத்திரிதான். இப்ப நல்லா இருக்குது. டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயம் நகரத்துல இருக்கிற உங்களுக்கும் உதவும். ஏழு நாளைக்கு மேல போனாலோ, ஒரு மணி ரெண்டு மணிக்கொரு தடவை மாத்த வேண்டி வந்தாலோ, பெரிய கட்டியா விழுந்தாலோ அதைச் சாதாரணம்னு விடக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடவும் கூடாது, டீ அந்தச் சத்தை உடம்புல சேர விடாது. எங்க தோட்டத்துல எல்லாரும் நர்ஸ் கொடுத்த மாத்திரையைப் பதினொரு மணி டீயோடதான் முழுங்கிக்கிட்டு இருந்தாங்க! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்க, தமிழ்நாட்டுல பதினஞ்சு வயசுக்கு மேல நாப்பத்தொம்பது வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைதான்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் மேஸ்திரியக்காகிட்ட உக்காந்து பேசினேன். அக்கா, இந்தச் சட்டத்தை எடுத்துடலாம்னு இருக்கேன், செடிக்கு ஒண்ணும் ஆகாதில்லன்னு கேட்டேன். அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்குதே!

"எந்தச் சட்டம் தம்பி? உங்கப்பா இருந்தப்பவே பாதி நாள் யாராவது ஒருத்தி உள்ளதான் இருப்பா. உன் செடி என்னைக்குக் கருகுச்சு?"

இன்னொண்ணும் சொல்லுச்சு. லீவு போட்ட மூணு நாள்ல சில பேர் வீட்டுல உக்காரலயாம். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாலிஹவுஸுக்குப் போயிருக்காங்க. அங்க தாஜ்மஹால் ரோஜா, பிப்ரவரியில காதலர் தினத்துக்கு வெளிநாடு போறது. வெளிநாட்டுக்குப் போற ரோஜாவுக்குத் தீட்டு கிடையாதாம். நான் ஆள் கிடைக்கலன்னு புலம்பிக்கிட்டு இருந்த நாள்ல என் ஆளுங்க அங்க பூ வெட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. இதைக் கேட்டு எனக்குக் கோவம் வந்துச்சா, வெக்கம் வந்துச்சான்னு இன்னும் பிரிச்சுச் சொல்ல முடியல.

சட்டம் போச்சு. ஆனா சட்டம் போனா மட்டும் போதாதுன்னு என் மகள்தான் சொன்னா. அவ சிப்காட்ல ஒரு கம்பெனியில வேலை பாக்குறா. கம்பெனியில கக்கூஸ் இருக்குது, பளபளன்னு இருக்குது. ஆனா சில இடத்துல லைனை விட்டு எழுந்து போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும், திரும்பி வர எவ்வளவு நேரம்னு கணக்குப் பாப்பாங்கன்னு அவ தோழிகள் சொல்லுவாங்களாம். ஒசூரைச் சுத்தி இன்னைக்கு ஆயிரக்கணக்கான பொண்ணுங்க ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குறாங்க, மாநிலம் மாநிலமா வந்து. இந்த விஷயத்துல தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய கறையும் இருக்குது. 2019-ல தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையோட செய்தியாளர்கள் நம்ம மாநிலத்து ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்கள் சுமார் நூறு பேர்கிட்ட பேசினாங்க. மாதவிடாய் வலின்னு சொன்னா, பேர்கூட ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து மிஷின்ல உக்கார வெச்சாங்கன்னு அதுல வெளிய வந்துச்சு.

2025 அக்டோபர்ல கர்நாடக அமைச்சரவை, வேலைக்குப் போற பெண்களுக்கு மாசம் ஒரு நாள், வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட மாதவிடாய் விடுப்புன்னு முடிவு பண்ணுச்சு. அரசு வேலைக்கு மட்டும் இல்ல, தனியாருக்கும் சேர்த்து. அப்புறம் அது கோர்ட்டுக்கும் போச்சு. என் அண்ணன் மருமக அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனிக்குப் போறா, என் மகள் இந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து காலைல வேற வேற வேன் ஏறுறவங்க. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல இதுதான் பேச்சு. "உனக்கு லீவு, எனக்குக் கிடையாது. நடுவுல ஒரு செக்போஸ்ட்தான் இருக்குது"ன்னு என் மகள் சொன்னா. மருமக, "லீவு போட்டா என்னைக்குன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பயந்தே நான் போட மாட்டேன்"னு சொன்னா. அரசு ஊழியர்களுக்குப் பீகார்ல 1992-லேயே மாசம் ரெண்டு நாள் கொடுத்திருக்காங்க. நம்ம தோட்டத்துல ரோஜா பறிக்கிறவங்களுக்கு எந்த மாநிலத்துச் சட்டம் வந்து சேரும்னு நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லல. வீட்டுல எங்க முன்னாடி, ஆம்பளைங்க தட்டுல சோறு இருக்கும்போது, இந்தப் பேச்சு நடந்தது அதுதான் முதல் தடவை. எங்க அண்ணன் மட்டும் பாதியில எழுந்து கை கழுவப் போயிட்டார்.

அண்ணனைச் சொல்லி என்ன? நானே என்ன யோக்கியம்? என் தங்கச்சி மகள் பெரிய மனுஷி ஆனப்ப தாய்மாமன் முறைக்குப் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டினவன் நான். ஒன்பது நாள் அந்தப் பிள்ளை வாசல்ல அந்தக் குடிசையில இருந்துச்சு. நாலாம் நாள் ராத்திரி மழை. ஓலை ஒழுகுது. உள்ள கூட்டிட்டு வரலாமான்னு தங்கச்சி கேட்டா. அப்பா முகத்தைப் பார்த்துட்டு நான் ஒரு தார்ப்பாயைக் கொண்டுபோய் மேல போட்டேன். அதையே பெரிய உதவின்னு நினைச்சேன். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காட்டுல இதே மாதிரி குடிசையில தனியா வெச்சிருந்த ஒரு சின்னப் பொண்ணு மேல தென்னை மரம் விழுந்து இறந்துச்சே, அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்கு நான் போட்ட தார்ப்பாய் ஞாபகம்தான் வந்துச்சு. சடங்குக்கு ஃப்ளெக்ஸ் வெக்கிறோம், மைக் செட் கட்டுறோம், ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுறோம். அடுத்த மாசத்துல இருந்து அதே பிள்ளை துணியை எங்க காயப் போடுதுன்னுகூடக் கேக்க மாட்டோம்.

கோயம்புத்தூர் முருகானந்தத்தைப் பத்திப் படிச்சிருப்பீங்க. மனைவி பழந்துணியை மறைச்சு எடுத்துட்டுப் போறதைப் பார்த்துத் தொடங்கி, மலிவு விலை நாப்கின் மிஷினைக் கண்டுபிடிச்சு, 2016-ல பத்மஸ்ரீ வாங்கின மனுஷன். ஆட்டு ரத்தத்தை ஃபுட்பால் பிளாடர்ல ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு நடந்து பார்த்தவர். எனக்கு அவ்வளவெல்லாம் முடியாது. கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

கட்டும்போது என் மகள் ஒரு லிஸ்ட் கொடுத்தா. உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். தோள் உயரத்துல ஆணி வேணும், பையை மாட்ட, தரையில வெக்க முடியாது. விடியக்காலைல வர்றவங்களுக்கு லைட் வேணும். மூடி போட்ட டப்பா வேணும். குழாய் உள்ள இருக்கணும், வெளிய இல்ல. நான் வெளிய வெக்கத்தான் இருந்தேன், பைப் செலவு மிச்சம்னு. "கையில வாளியைத் தூக்கிக்கிட்டு எல்லார் முன்னாடியும் நடக்கணுமா?"ன்னு கேட்டா. உள்ள வெச்சேன்.

டப்பா விஷயம் எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான், வேற வழியில தெரிஞ்சுது. ஒரு தடவை தக்காளிக்கு ரொட்டவேட்டர் ஓட்டும்போது மல்ச்சிங் ஷீட்டுத் துண்டோட வேற ஏதோ வெள்ளையா சுத்திக்கிட்டு வந்துச்சு. டிரைவர் பையன் இறங்கிப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான். பெண்கள் வேற வழியில்லாம வரப்போரம் புதைச்ச நாப்கின். அன்னைக்கு நான் சத்தம் போட்டேன், மண்ணு கெட்டுப் போகுதுன்னு. அதுல பெரும்பங்கு பிளாஸ்டிக், மக்காதுங்கிறது உண்மைதான். ஆனா எங்க போடுறதுன்னு நான் அவங்களுக்கு ஒரு இடமும் காட்டலயே. 2011-12-ல 'புது யுகம்' திட்டம் வந்து கிராமத்துப் பொண்ணுங்களுக்கு நாப்கின் இலவசமாக் கிடைக்க ஆரம்பிச்சுது, ரொம்ப நல்ல விஷயம். உபயோகிச்சதை என்ன பண்றதுங்கிறதைத்தான் ஊருக்கு ஊர் அவங்க தலையிலயே விட்டுட்டோம். இப்ப டப்பாவுல காகிதத்துல சுத்திப் போடுறாங்க, வாரம் ஒரு தடவை பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர்கிட்ட தனியாக் கொடுக்கிறோம்.

வயசான ரெண்டு மூணு பேர் இன்னமும் பருத்திச் சேலைத் துணிதான். அது தப்பில்ல, நல்லாத் துவைச்சு வெயில்ல காயணும், அவ்வளவுதான்னு நர்ஸ் சொன்னாங்க. எங்க காய வெப்பாங்க? வீட்டுல மத்த துணிக்கு அடியில, பீரோ சந்துல, ஈரத்தோடவே. அதுல இருந்துதான் அரிப்பும் புண்ணும். கக்கூஸுக்குப் பின்னாடி வெயில் விழுற பக்கமா, ஓலைத் தட்டி மறைச்சு, ஒரு கொடி கட்டியிருக்கேன்.

கூலிக்கு வருவோம். மாசம் ஒரு நாள் சம்பளத்தோட லீவு கொடுக்க என்னால முடியுமா? நேர்மையாச் சொன்னா, கல்யாண சீசன்ல முடியும், ஆடி மாசத்துல பூ விலை கீழ விழும்போது முடியாது. யோசிச்சு, அந்த நாள்ல செடிக்குள்ள குனிஞ்சு நிக்காம நிழல்ல உக்காந்து பூ பொறுக்கட்டும், இலை எடுக்கட்டும், சாமந்தி தொடுக்கட்டும், கூலி அதே கூலின்னு சொன்னேன். எனக்கு ரொம்ப நல்லவனாத் தெரிஞ்சேன். முதல் வாரம் ஒருத்தர்கூட நிழலுக்கு வரல. மேஸ்திரியக்காதான் விளக்குச்சு: "நிழல்ல உக்காந்தா இன்னைக்கு எனக்குத் தூரம்னு உனக்கு போர்டு மாட்டின மாதிரி இல்லியா தம்பி? யாரு உக்காருவா?"

அதனால இப்ப ஏற்பாடு வேற. தினமும் ரெண்டு பேர் நிழல்ல. யாருன்னு மேஸ்திரியக்கா முடிவு பண்ணும். முழங்கால் வலியோ, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சலோ, தூரமோ, சும்மாவோ, காரணம் எனக்குத் தேவையில்ல, நான் கேக்கவும் மாட்டேன். மூணு மாசமா நடக்குது. பறிக்கிற வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்குது, பொய் சொல்ல மாட்டேன். பாலிஹவுஸுக்குப் போற ஆள் குறைஞ்சதுல அது சரியாப் போச்சு.

ஆபரேஷன் பண்ணின பொண்ணு போன வாரம் வந்துச்சு. கனமா எதுவும் தூக்கக் கூடாது, இப்போதைக்கு நிழல் வேலைதான். கக்கூஸைச் சுத்திப் பார்த்துட்டு, ஆணி உயரமா இருக்குது, குட்டையா இருக்கிறவங்களுக்கு எட்டாதுன்னு சொல்லுச்சு. அரையடி கீழ இன்னொண்ணு அடிச்சேன்.

ஒரே ஒரு பிரச்சினை. டிராக்டர் பையனும், மருந்து அடிக்க வர்ற ரெண்டு பேரும் அதையே உபயோகிச்சு, தண்ணி ஊத்தாம வெச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் காலைல மேஸ்திரியக்கா ஓசூர்ல இருந்து ஒரு பூட்டு வாங்கிட்டு வந்து மாட்டிடுச்சு. சாவி அதோட சுருக்குப் பையில. நேத்து டப்பாவைச் சுத்தம் பண்ண நான்தான் சாவி கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "எதுக்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் கொடுத்துச்சு.